மதுரையிலிருந்து குடும்பத்தோடு ஒரு கடல் படகுப் பயணம்: காற்று பார்ப்பது முதல் கணவாய் வறுப்பது வரை

இரண்டு வருடங்களுக்கு முன் வைகாசியில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். மறுவீடு முடிந்த கையோடு, ஊருக்குத் திரும்பாமல் தங்கியிருந்த சொந்தக்காரர்கள் பதினாறு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனோம். எந்த நாள் என்பதை முடிவு செய்தது கல்யாண மண்டபத்துக்காரர், ஊரை முடிவு செய்தது யாரோ போனில் அனுப்பிய ஒரு படம். தென்கடல் பக்கம் ஒரு மீனவக் கிராமம். படகில் ஏறிக் கால்மணி நேரம் ஆகியிருக்காது, படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா முதலில் தலையை வெளியே நீட்டினார். அப்புறம் வரிசையாக எல்லோரும். முந்தின நாள் கல்யாண பிரியாணி மொத்தமும் மன்னார் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. படகைத் திருப்பிக் கரையில் இறக்கிவிட்டபோது படகுக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஆளக் கேட்டீக, காசக் கேட்டீக, காத்தக் கேக்காம வந்துட்டீகளேண்ணே."

அதற்குப் பிறகு தனிப் படகு பேசி நான்கு முறை போய்விட்டோம். ஒருமுறைகூட யாருக்கும் வயிறு புரட்டவில்லை. கடலைப் பற்றி எங்களுக்கு இருக்கும் அறிவு கொஞ்சம்தான், ஆனால் எந்த வரிசையில் எதைக் கேட்க வேண்டும் என்பது பழகிவிட்டது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தனிப் படகு என்றால் என்ன?

கோவாவில் கிடைப்பது போல மெத்தை போட்ட படகு, பாட்டு, படகிலேயே சமையல் என்று நினைத்துக்கொண்டு ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்தால் ஏமாற்றம்தான். இங்கே நடைமுறையில் கிடைப்பவை இரண்டு.

ஒன்று, வனத்துறை உள்ளூர் மக்களைக் கொண்டு நடத்தும் சூழல் சுற்றுலா. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் காரங்காடு இதற்கு நல்ல உதாரணம். அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகில் போய்க் கடலைத் தொட்டுத் திரும்பலாம். துடுப்புப் போட்டுத் தாங்களே ஓட்டும் கயாக் உண்டு. ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் மீனும் நண்டும் உண்டு. இரண்டாவது, உச்சிப்புளி, மண்டபம் பக்கம் பாக் நீரிணைக் கரையில் அரியமான், பிரப்பன்வலசை போன்ற இடங்கள். அலை குறைவு, கரை ஓரம் ஆழம் குறைவு. குளிப்பதற்கும் துடுப்புப் படகுக்கும் ஏற்றவை.

ஆக, நம் பக்கத்துத் தனிப் படகு என்பது ஒரு நடைக்கு உரிய இருக்கைகள் முழுவதையும் நம் வீட்டு ஆட்களே எடுத்துக்கொள்வது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் இது எளிதாக நடக்கும்.

மூன்றாவதாக ஒரு வழி இருப்பது எல்லோருக்கும் தெரியும். கரையில் நிற்கும் மீன்பிடிப் படகுக்காரரிடம் பேசி, கையில் பணத்தைக் கொடுத்து ஏறிவிடுவது. எங்கள் முதல் பயணம் அப்படிப்பட்டதுதான். இன்று அதை யாருக்கும் சொல்லமாட்டேன். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு வேறு, ஆட்களை ஏற்றும் படகு வேறு. வலையின் பாரம் படகின் அடியில் அசையாமல் கிடக்கும். மனிதப் பாரம் செல்ஃபி எடுக்க ஒரே பக்கம் எழுந்து ஓடும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் கிறிஸ்துமஸ் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது என்றார்கள். அங்கேயும் 22 பேர். இரண்டுமே நடுக்கடலில் நடக்கவில்லை, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் நடந்தன.

1. காற்றைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் போனால் உங்களுக்கு ஒரு கடல் இல்லை, இரண்டு கடல். நிலம் ராமேஸ்வரத்தை நோக்கி ஒரு விரல் போல நீளுகிறது. அந்த விரலுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் பக்கத்தில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெயரை வைத்து வடக்கு எப்போதும் சாது என்று நம்பிவிட வேண்டாம். எந்தக் கடல் அடங்கியிருக்கும் என்பதைக் காற்று வீசும் திசைதான் முடிவு செய்கிறது.

மாசி, பங்குனி இரண்டும்தான் அருமையான காலம். வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்று ஓய்ந்திருக்கும், தெற்குக் காற்று இன்னும் எழுந்திருக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இரண்டு பக்கமும் பெரும்பாலும் அமைதி. தண்ணீரும் தெளிவாக இருக்கும்.

சித்திரை கடைசியிலிருந்து ஆவணி வரை தெற்கும் தென்மேற்குமாகக் காற்று வீசும். இந்த மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். நாங்கள் வைகாசியில் போய் மாட்டிக்கொண்டது இதில்தான். அதே நாளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வடக்கே போயிருந்தால், நிலமே காற்றுக்கு மறைப்பாக நின்று, பாக் நீரிணை குளம் போலக் கிடந்திருக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்று, வடகிழக்குப் பருவமழை, காற்றழுத்தத் தாழ்வு எல்லாம் சேர்ந்து வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் இந்தப் பருவத்தில் வந்ததுதான். இந்த மூன்று மாதமும் படகுப் பேச்சே வேண்டாம். தை பாதியைத் தாண்டிய பிறகு மறுபடி விசாரிக்கலாம்.

இனி முக்கியமான ஒரு பொறி. மே மாதம் பாக் நீரிணைக் கரையில் நின்றால் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஏன்? காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால்தான் கரையோரம் அலை இல்லை. அதே காற்றுதான் குழந்தை உட்கார்ந்திருக்கும் காற்றடைத்த டியூபையும் கயாக்கையும் ஓசையில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். அலை அடித்தால் நாமே பயந்து கரைக்கு வருவோம். இங்கே பயமுறுத்த எதுவுமே இருக்காது, திரும்பிப் பார்த்தால் பிள்ளை நூறு அடி தள்ளி இருக்கும். ஆகவே கோடையில் வடகடல் போகிறவர்கள் டியூப், வாத்து பொம்மை வகையறாவை மதுரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காற்றைச் சரிபார்க்க ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையத்தின் அலை உயர முன்னறிவிப்பையும், வானிலை ஆய்வு மையம் வெளியிடும் மீனவர் எச்சரிக்கையையும் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து பாருங்கள். அலை ஒரு மீட்டரைத் தாண்டும் என்றால் குழந்தைகள் இருக்கும் குழுவோடு நான் போகமாட்டேன். கள்ளக்கடல் எச்சரிக்கை என்று செய்தியில் வந்தால், அது எந்த மாவட்டத்துக்கு என்று கவனியுங்கள். காற்றே இல்லாத நாளில் திடீரென்று பேரலை கரையேறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் எண் எதுவாக இருந்தாலும் பயணம் ரத்து. "ஒண்ணாம் நம்பர் கூண்டுதானே" என்று என் மைத்துனர் ஒருமுறை வாதாடிப் பார்த்தார். அவருக்குக் கிணற்றில் நன்றாக நீச்சல் வரும்.

கடைசியாக, முதல் நாள் இரவு படகுக்காரரிடமே கேளுங்கள். "நாளைக்கு வரலாமா?" என்று கேட்டால் "வாங்க" என்றுதான் சொல்வார், அது அவர் பிழைப்பு. "நாளைக்குக் காத்து எப்படிண்ணே, உங்க வீட்டுப் பிள்ளைகளக் கூட்டிப் போவீகளா?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

2. வீட்டு நாட்காட்டியோடு ஒத்துப்போக வேண்டும்

கடல் சரி என்றாலும் வீடு சரி என்று சொல்ல வேண்டுமே. மாசி, பங்குனி கடலுக்கு நல்லது. ஆனால் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச் மாதம் யாரும் வாய் திறக்க முடியாது. சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பும்வரை மதுரையை விட்டு யாரும் நகரமாட்டார்கள். பிறகு கிடைப்பது மே மாதம். அதனால் பெரும்பாலான மதுரைக் குடும்பங்களுக்கு விடை ஒன்றுதான்: கோடை விடுமுறை, வடகடல்.

அமாவாசை, வெள்ளி, செவ்வாய், சஷ்டி, புரட்டாசி என்று கவுச்சி சேர்க்காத நாட்களைக் கழித்துவிடுங்கள். ராமேஸ்வரம் தீர்த்தமாடலையும் தேவிபட்டினம் நவபாஷாணத்தையும் இதோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சேர்க்காதீர்கள். அப்பத்தாவுக்குக் கோயிலும் நிறைவாக இருக்காது, பிள்ளைகளுக்கு நண்டும் கிடைக்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கடற்கரையில் பல கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். முஸ்லிம் மீனவர்கள் அதிகம் உள்ள ஊர்களில் வெள்ளிக்கிழமை அப்படி. நாம் ஞாயிறுதான் போவோம், அன்று கிடைப்பது சனிக்கிழமை மீனாக இருக்கும். சனிக்கிழமை போவது நல்லது. கூட்டமும் கொஞ்சம் குறைவு.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குத்தான் தடை, நாட்டுப்படகுகள் போய்வரும். ஆகவே மே மாதத்தில் மீனே கிடைக்காது என்பதில்லை. கரையோரத்து நண்டும் கணவாயும் சின்ன மீன்களும் வரும், விலைதான் ஏறியிருக்கும்.

3. படகு பேசும்போது கேட்க வேண்டியவை

விலையைக் கேட்பதற்கு முன்பு இவற்றைக் கேளுங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம்? அந்த எண்ணிக்கைக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, குழந்தை அளவில் எத்தனை? ஓட்டுபவரோடு இன்னொரு ஆள் வருவாரா? தண்ணீரில் இறங்கலாமா, எந்த இடத்தில்? படகில் ஏற ஏணி இருக்கிறதா? காற்று மாறிப் பயணம் நின்றால் பணம் எப்படி?

கடைசிக் கேள்விக்கு நானே ஒரு பதிலை முன்வைப்பேன். கரைக்கு வந்த பிறகு அவர் வேண்டாம் என்று சொன்னால், அன்று அவருடைய கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்துவிடுவோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சும்மா திருப்பி அனுப்பினால் அன்றைய வருமானம் போகும் என்ற நெருக்கடியில்தான் மனிதர்கள் போகக்கூடாத நாளில் படகை அவிழ்க்கிறார்கள். பன்னிரண்டு பேர் உயிருக்கு இது மலிவான காப்பீடு.

தண்ணீரில் இறங்கும் கேள்வியை விடாதீர்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 1986இல் அறிவித்தார்கள். அனுமதியில்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைக்கக்கூடாது. பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறை படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம், அருமையான இடம். ஆனால் அது பார்த்துவிட்டு வருவதற்கான பயணம், குளித்துக் கும்மாளம் போடுவதற்கு இல்லை. 1897இல் சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் வந்து இறங்கியது குந்துகாலில்தான். நினைவு மண்டபமும் அங்கே இருக்கிறது.

காரங்காட்டுப் பக்கம் போகிறவர்கள் கடல் வற்றும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கு உள்ளேதான். ஆனால் முழங்கால் ஆழக் கழிமுகத்தில் அந்த ஒரு மீட்டர்தான் எல்லாமே. வற்றிய நேரத்தில் போனால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

4. மதுரையிலிருந்து கிளம்புவது

அதிகாலை நான்கு மணி. ஒரு நிமிடமும் தள்ள வேண்டாம். காலையில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஏழு மணிக்குப் படகில் இருப்பவருக்கும் பதினொரு மணிக்கு ஏறுபவருக்கும் கிடைப்பது ஒரே கடல் இல்லை.

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் என்றால் விரகனூரிலிருந்து சிலைமான், திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். ராமநாதபுரம் ஏறக்குறைய 115 கிலோமீட்டர், மண்டபம் 150க்குப் பக்கம். காரங்காடு என்றால் சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத் தொண்டி, பிறகு தெற்கே திரும்ப வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு மாட்டுத்தாவணிதான். ஆனால் ஈரத் துணியும் மீன் வாசனையுமாகத் திரும்ப வேண்டியிருப்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

போகும் வழியில் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, வெறும் வயிறாகவும் போகக்கூடாது. இரண்டு இட்லி, ஒரு டீ போதும். பொங்கலும் வடையும் நெய்யும் படகில் பழிவாங்கும். வாந்தி வரும் உடம்புக்காரர்களுக்கு எங்கள் வீட்டில் இஞ்சி மரப்பா கொடுப்போம். ஓரளவு கேட்கிறது. அவோமின் போன்ற மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கிளம்பும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயன் இல்லை. அந்த மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும். போட்டவர் அன்று தண்ணீரில் இறங்கக்கூடாது. வண்டியும் ஓட்டக்கூடாது.

துணி விஷயத்தில் பெண்கள் படும் பாடு சொல்லி மாளாது. சேலையோடும் துப்பட்டாவோடும் கடலில் இறங்குவது ஆபத்து. நனைந்த துணி காலைச் சுற்றும், கனம் இழுக்கும். டைட்ஸும் முழுக்கை டீ சட்டையும் போட்டால் வெயிலும் சுடாது. உடை மாற்ற இடம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லை என்றால் இரண்டு பழைய வேட்டியும் நான்கு பின்னும் போதும், வேன் கதவுக்கும் தென்னைமரத்துக்கும் நடுவே மறைப்புக் கட்டிவிடலாம். ஆதார் அட்டை ஒன்று இருக்கட்டும். கடலோரக் காவல் படையோ போலீஸோ கேட்டால் காட்ட வேண்டும்.

5. படகில்

அங்கியை மாட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். மாட்டி, பட்டைகளை இறுக்கி, தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை. தண்ணீரில் இன்னும் மேலே போகும், உள்ளே இருக்கும் ஆள் கீழே நழுவுவார். குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

பாரமான ஆட்களை எங்கே உட்கார வைப்பது என்பது படகுக்காரர் முடிவு. தலைச்சுற்றல் வருகிறவர்கள் நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள், அணியம்தான் அதிகம் தூக்கிப் போடும். போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பாருங்கள். யாரும் எழுந்து நிற்கக்கூடாது. ஓங்கிலோ (டால்பின்) ஆமையோ தென்பட்டால் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், அப்போதுதான் படகு ஒரு பக்கம் சாயும். பாக் நீரிணையில் கடல் புல் மேய வரும் கடல் பசுவை ஊரில் ஆவுளியா என்பார்கள். நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொல்லும் என் மைத்துனரை நம்புவதற்கில்லை.

குடித்தவர் படகில் ஏறக்கூடாது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

6. குளியல்

மதுரைப் பக்கம் நம்மில் பலர் நீச்சல் கற்றது கிணற்றிலும் கண்மாயிலும்தான். நானும் சோழவந்தான் பக்கம் ஒரு பம்புசெட் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கற்றவன். கிணற்று நீச்சல்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூச்சு வாங்கினால் கை நீட்டுவான், சுவர் கிடைக்கும். கடலில் நீட்டிய கை தண்ணீரில்தான் விழும். அந்த ஒரு நொடியில் வரும் திகைப்புதான் ஆளை முழுங்குகிறது. உப்புத் தண்ணீர் உடம்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் என்பது உண்மை. அதனால் தெம்பு கூடி நினைத்ததைவிடத் தூரம் போய்விடுவோம் என்பதும் உண்மை. நீச்சல் தெரிந்தவரும் அங்கியோடுதான் இறங்க வேண்டும்.

படகிலிருந்து இறங்கிக் குளிக்க அனுமதி இருக்கும் இடத்தில், நங்கூரம் போட்டு, மோட்டார் முழுவதுமாக நின்ற பிறகு இறங்குங்கள். தண்ணீரில் ஓர் ஆள் இருந்தாலும் மோட்டாரைத் தொடக்கூடாது. அதன் இறக்கை கண்ணுக்குத் தெரியாது. தலைகீழாகப் பாயாதீர்கள், தெளிந்த தண்ணீரில் ஆழம் கண்ணை ஏமாற்றும். ஏணி இல்லாமல் இறங்கவே வேண்டாம். தண்ணீரிலிருந்து பைபர் படகின் விளிம்பைப் பிடித்து மேலே ஏறுவது, பார்க்க எளிது, செய்தால் தெரியும். எங்கள் அத்தையை ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டது, நான்காவது ஆள் சிரித்ததற்காக இன்னும் திட்டு வாங்குகிறார்.

உண்மையைச் சொன்னால், குழந்தைகளும் நீச்சல் தெரியாதவர்களும் இருக்கும் குடும்பத்துக்குப் படகில் ஒரு சுற்று, பிறகு கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் குளியல் என்று பிரித்துக்கொள்வதுதான் சுகம். அரியமான் போன்ற கரை இதற்கென்றே அமைந்தது. இரண்டிரண்டு பேராக ஜோடி சேருங்கள், ஒருவர் கரையேறினால் ஜோடியும் ஏற வேண்டும். குழந்தை எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில். பெரியவர் ஒருவர் கரையில் நின்று தலையை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கையில் போன் இருக்கக்கூடாது. அரைமணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளலாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் கால் நனைப்பதோடு நில்லுங்கள். இரண்டு கடலும் சேரும் இடம், இழுப்பு அதிகம்.

நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே போங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வுக்கு விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வால் முள்ளால் குத்தும். ரப்பர் செருப்பு போடுவது நல்லது, சிப்பி காலைக் கிழிக்கும். கரையில் சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கிடந்தால் தண்ணீரிலும் இருக்கும் என்று அர்த்தம், அன்று குளியல் இல்லை.

பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எதையும் எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. ஷோகேஸில் வைக்க ஆசைப்பட்டு வழக்கில் மாட்டாதீர்கள்.

7. தீனி

குளித்த பிறகுதான் சாப்பாடு, ஒருபோதும் முன்பு இல்லை. படகில் அடுப்பு பற்றவைக்கும் யோசனை யாருக்காவது வந்தால், பெட்ரோல் கேன் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

சிறந்த வழி, ஊரில் சமைத்துத் தரும் பெண்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுவது. எத்தனை பேர், என்ன வேண்டும், காரம் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மீனைப் பெயர் சொல்லிக் கேட்பது மட்டும் வேண்டாம். "வஞ்சிரம்தான் வேணும்" என்று அடம்பிடித்தால் எங்கிருந்தோ ஐஸில் வந்த வஞ்சிரம் வரும். "காலையில வலையில என்ன விழுந்துச்சோ அதைக் குடுங்கக்கா" என்று சொன்னால் ஊரே சாப்பிடும் மீன் உங்களுக்கும் வரும். விளைமீன், ஊளி, பாறை, முரல், சூடை என்று பெயரே கேள்விப்படாத மீன்களை நாங்கள் அப்படித்தான் சாப்பிட்டுப் பழகினோம்.

நீங்களே வாங்கிச் சமைக்கக் கொடுப்பதானால், பன்னிரண்டு பேருக்குக் கொறிக்கும் அளவில் எங்கள் கணக்கு இது: நெத்திலி ஒரு கிலோ, கணவாய் இரண்டு கிலோ, இறால் ஒன்றரைக் கிலோ, ரசத்துக்கு நண்டு இரண்டு கிலோ. இறாலில் தலையும் ஓடும் போனால் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். கணவாயிலும் சுத்தம் செய்தால் நன்றாகவே குறையும். நண்டை உயிரோடு அசைவதாகப் பார்த்து வாங்குங்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், லேசாக இருந்தால் உள்ளே தண்ணீர்தான்.

கணவாயைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரை ஹோட்டல்களில் ரப்பர் மாதிரி மென்றுவிட்டு, கணவாயே இப்படித்தான் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். தவறு சமையலில் இருக்கிறது. வளையமாக நறுக்கி, ஈரத்தை ஒற்றி எடுத்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு பிரட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று. எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தைத் தாண்டினால் இறுகிவிடும். மறுபடி மெத்தென்று ஆக வேண்டுமானால் அரைமணி நேரத்துக்கு மேல் குழம்பில் வேக வேண்டும். நடுவில் நின்றால் செருப்பு.

நண்டு ரசம் குளித்து நடுங்கி வருகிறவர்களுக்கு அமிர்தம். கால்களை அம்மியில் லேசாகத் தட்டி, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகும் சீரகமும் கரகரப்பாகப் பொடித்துப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் கொதிக்க விடுவார்கள். காரங்காட்டில் ஒரு அக்கா முருங்கைக்கீரையை உருவிப் போட்டதைக் குடித்த பிறகு எங்கள் வீட்டிலும் அதே முறைதான்.

நெத்திலியை வாழையிலையில் குவித்து, எலுமிச்சையைப் பிழிந்து நடுவில் வைத்துவிட்டால் தட்டே தேவையில்லை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள். ஒரே எண்ணெயில் வறுத்த மீனும் அவர்களுக்கு ஆகாது. கவுச்சி சாப்பிடாத பெரியவர்களுக்குத் தனியாகத் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் மதுரையிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் அதைத்தான் எல்லோரும் பிடுங்கிச் சாப்பிடுவார்கள், இரண்டு மடங்காகக் கட்டுங்கள்.

8. ஏதாவது ஆகிவிட்டால்

திருக்கை குத்தினால், அந்தக் காலை கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் வெந்நீரில் வையுங்கள். வலி குறையும். டீக்காகக் கொண்டு போகும் பெரிய பிளாஸ்கில் ஒன்றை வெறும் வெந்நீராக வைத்திருப்பது இதற்காகத்தான். முள் உள்ளே முறிந்து நின்றால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சொறி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரையும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதை இடுக்கியால் எடுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் 108. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸின் 1093. இந்த மூன்று எண்ணையும் கிளம்பும் முன்பே நான்கு பேர் போனில் பதிந்துகொள்ளுங்கள், அந்த நான்கு பேரில் ஒருவராவது போனைத் தண்ணீர் புகாத உறையில் வைத்திருக்க வேண்டும்.

9. திரும்புவது

பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். உடனே வண்டியை எடுக்காதீர்கள். நாம் படகில் ஆடிக்கொண்டிருந்தபோது கரையில் உட்கார்ந்திருந்தவர்தான் டிரைவர். அவரும் இரவு மூன்று மணிக்கு எழுந்தவர், நம்மோடு சேர்ந்து நண்டும் சோறும் சாப்பிட்டவர். பனைமர நிழலில் அவருக்கு ஒரு பாய் விரித்து, இரண்டு மணிநேரம் தூங்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதற்குள் மணல் வீடு கட்டி முடிப்பார்கள். பரமக்குடி வருவதற்குள் வேனில் ஒருவர்கூட விழித்திருக்கமாட்டார்கள். முன்சீட்டில் டிரைவரோடு பேசிக்கொண்டு வர ஓர் ஆளைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். மைத்துனரைப் போடலாம், அவருக்கு ஆவுளியா கதை இருக்கிறது.